ஆர்டர்கள் பேசும் மொழிக்கு ஒரு தேர்வு

செல்பேசியில் 'வாங்கு' என்று தட்டியதும் உங்கள் ஆர்டர் தரகு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து பங்குச்சந்தையின் கணினிக்குப் போகிறது. இரண்டிலும் ஓடும் மென்பொருள்களை எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனாலும் ஒன்று சொல்வது மற்றதற்கு இம்மியும் பிசகாமல் புரிய வேண்டும். அதற்காக வகுத்த விதிகளைத்தான் செய்தி நெறிமுறை என்கிறோம். துறைக்காரர்களுக்கு அது 'புரோட்டோகால்'.

இவற்றில் உலகெங்கும் புழங்குவது ஃபிக்ஸ். 1992இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி, சாலமன் பிரதர்ஸ் ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையே பிறந்தது. தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லிவந்த ஆர்டர்களைக் கணினி வழியே அனுப்புவதுதான் நோக்கம். பல சந்தைகள் இதோடு தங்களுக்கென்று தனி நெறிமுறையும் வைத்திருக்கின்றன.

செய்தி எப்படி இருக்கும்?

ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு 'டேக்' என்று பெயர். 54=1 என்றால் வாங்கு, 54=2 என்றால் விற்பனை. 38=100 என்றால் நூறு பங்கு. 40=2 என்றால் விலை வரம்புள்ள ஆர்டர்; அந்த விலை 44 என்ற டேக்கில் வரும். கடைசியில் 10 என்ற டேக்கில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் உள்ள பைட்டுகளையெல்லாம் கூட்டி 256ஆல் வகுத்தால் வரும் மீதி அது. வழியில் எழுத்து ஏதும் சிதைந்ததா என்று பார்க்க இது உதவும்.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் பதில் வரும்போது தொடங்குகிறது. நூறு பங்கு கேட்டீர்கள். முதலில் நாற்பது கிடைத்தது. சந்தை அனுப்பும் பதிலில் 32=40 (இப்போது கிடைத்தது), 14=40 (இதுவரை கிடைத்தது), 151=60 (பாக்கி) என்று இருக்கும். அடுத்து இருபத்தைந்து கிடைத்தால் 32=25, 14=65, 151=35. உங்கள் மென்பொருள் எழுதியவர் 32ஐக் கூட்டுவதற்குப் பதில் 14ஐக் கூட்டிவிட்டார் என்று வையுங்கள். நாற்பதும் அறுபத்தைந்தும் சேர்ந்து நூற்றைந்து ஆகிவிடும். கேட்டதே நூறுதான்! ஒரே தவணையில் நூறும் கிடைத்துவிட்டால் இரண்டு டேக்கிலும் நூறு என்றே வரும். பிழை கண்ணில் படாது.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

அதனால்தான் சந்தைகளும் பெரிய தரகு நிறுவனங்களும் இணைப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தேர்வு வைக்கின்றன. பரிசோதனைக்கென்றே உள்ள தனிச் சூழலில் வரிசையாகச் சில கட்டங்களைக் கடந்து காட்ட வேண்டும். ஆர்டர் துண்டு துண்டாக நிறைவேறினால் கணக்கு சரியாக வருகிறதா? ரத்து கேட்டு அனுப்பிய அதே நொடியில் ஆர்டர் முழுதும் நிறைவேறி, ரத்து மறுக்கப்பட்டால் அந்த மறுப்பை மென்பொருள் புரிந்துகொள்கிறதா?

இணைப்பு அறுந்து மீண்டும் வரும் கட்டம்தான் பலரைத் திணறவைக்கும். செய்திகளுக்கு வரிசை எண் உண்டு. 42க்குப் பிறகு 44 வந்தால் நடுவில் ஒன்று தொலைந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். மறுபடி வருவதில் 43 என்ற டேக்கில் Y என்ற முத்திரை இருக்கும். அதைக் கவனிக்காத மென்பொருள் பழைய ஆர்டரைப் புது ஆர்டர் என்று நினைத்து இரண்டாம் முறை வாங்கிவிடலாம்.

இந்தத் தேர்வு சந்தைகளின் விருப்பத்தோடு நிற்கவில்லை. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள், தானியங்கி வணிகம் செய்யும் நிறுவனங்கள் சந்தையின் அமைப்போடு ஒத்திசைவுச் சோதனை செய்ய வேண்டும் என்கின்றன. இந்தியாவில் 2013இல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி, தரகர்களின் வணிக மென்பொருள் சோதனைக்கு விதிமுறை வகுத்தது. நம் சந்தைகள் சனிக்கிழமைகளில் நடத்தும் 'மாக்' (ஒத்திகை) வணிகம் இதன் ஒரு பகுதி.

ஒரே சான்றிதழ் போதாதா?

இருபது தரகர்களோடு இணையும் ஒரு மென்பொருள் நிறுவனம் ஏறக்குறைய ஒரே தேர்வை இருபது முறை எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்து ஆட்களும் நேரம் ஒதுக்க வேண்டும். 'பொதுவான ஓர் அமைப்பு ஒரே முறை சோதித்துச் சான்று தந்தால் என்ன?' என்று துறையில் கேட்பது நியாயம்தான்.

தடை, ஃபிக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எந்த டேக் கட்டாயம், எது விருப்பம் என்பதில் இடத்துக்கு இடம் வேறுபாடு. 5000 முதல் 9999 வரையிலான எண்களைப் பயனர்கள் தங்கள் தேவைக்கு வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆகவே இலக்கணத்துக்கு ஒரு பொதுச் சான்று தரலாம். வட்டார வழக்கை அந்தந்த இடத்தில்தான் சோதிக்க முடியும். பொது அடிப்படையை ஒரு முறையும், வேறுபடும் பகுதியை மட்டும் ஒவ்வோர் இடத்திலும் சோதிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படிச் செய்தாலே வேலை குறையும்.

சான்று எதிலிருந்து காக்காது?

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலரை இழந்தது. புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஒன்றில் விட்டுப்போயிற்று. முன்பு வேறொரு வசதியை இயக்கப் பயன்பட்ட குறியீட்டையே புதிய நிரல் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குறியீட்டோடு வந்த ஆர்டர்கள், விடுபட்ட சர்வரில் ஆண்டுக்கணக்கில் தூங்கிக்கிடந்த பழைய நிரலை எழுப்பிவிட்டன. வாடிக்கையாளர்கள் கேட்டது 212 ஆர்டர்கள். 154 நிறுவனப் பங்குகளில் நாற்பது லட்சம் முறை வணிகம் நடந்துவிட்டது.

அந்த சர்வர் அனுப்பிய ஆர்டர்களைச் சந்தைகள் ஏற்று நிறைவேற்றின. மொழியில் குறையிருந்திருந்தால் அவை வாசலிலேயே திரும்பியிருக்கும். இத்தனை அனுப்பலாமா என்று கேட்டுத் தடுக்கும் வரம்பு, அனுப்புகிறவரின் வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அது சரியாக இல்லை என்பதற்காகவே அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013இல் அந்த நிறுவனத்துக்கு 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது.

எனவே ஒரு மென்பொருள் 'சான்று பெற்றது' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பதிப்புக்கு, எந்தச் சந்தையோடு, எந்தத் தேதியில்? அந்தத் தேதிக்குப் பிறகு நிரலில் ஒரு வரி மாறியிருந்தாலும், ஓடும் நிரலும் சோதித்த நிரலும் ஒன்றல்ல.