மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை எவரும் நாடார். ஆயினும், பழைய பிக்கப் வண்டியொன்று வலுக்குன்றி இரைக்கத் தொடங்கினால் நம்மிற் பலர் செய்வது அதுவே. இன்று பிளக்கை மாற்றுவர். நாளை காபரேற்றரை மாற்றுவர். மூன்றாம் நாள் வண்டியையே விற்க விலை பேசுவர். காசு போகும், குறை போகாது.

யாழ்ப்பாணத்துப் பழைய வண்டிகளின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகின்றது. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் மண்ணெண்ணெயில் ஓடலாயின. நோயாளரை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்லவும் அத்தகைய வண்டிகளே உதவின. காபரேற்றரிலே சிறிது பெற்றோலை விட்டு முடுக்குவர். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றுவதில்லை. பிரித்தானியாவின் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையும் இம்முறையிலேயே இயங்கியது.

உதிரிப்பாகம் கிடைத்தற்கரிய அந்நாள்களில், குறையைச் சரியாக அறிந்த பின்னரே கைவைக்க வேண்டியிருந்தது. அவ்வாறு அறியும் முறை யாது?

பெற்றோல் இயந்திரத்துக்கு வேண்டுவன மூன்று: அளவான எரிபொருட் கலவை, போதிய அழுத்தம், உரிய நேரத்திற் பொறி. இவற்றுள் எது குறைந்தது என்பதை வண்டியே சொல்லும். கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதி. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகின்றது. சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில் தண்ணீர் உட்புகுகின்றதோ என ஐயுறலாம். கழற்றிய பிளக்கின் முனை இளம் பழுப்பாயிருப்பின் நலம். உலர்ந்த கரி படிந்திருப்பின் கலவை மிகை. ஒயில் நனைந்திருப்பின் தேய்மானம்.

நாலு சிலிண்டரில் எது சோர்ந்தது? இயந்திரத்தை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் முடுக்குக. ஓட்டத்தில் மாற்றமில்லையாயின் குற்றவாளி அச்சிலிண்டரே. அதன் அழுத்தத்தை மானியால் அளந்து, ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. ஏறாவிடில் பெரும்பாலும் வால்வுகளிற் கசிவு.

எரிபொருள் வரும் வழியும் கவனிக்கத்தக்கது. மெதுவாகச் செல்லும்போது நன்றாயோடி, வேகமெடுத்ததும் திணறினால், தாங்கியின் துரு வடியை அடைத்ததோ எனப் பார்த்தல் வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் துருவுக்குக் குறைவில்லை.

வண்டியின் பழங்கதையையும் கேட்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் சுமையேறினால் இடிக்கும். அதனைத் தணிக்கப் பொறி பிறக்கும் நேரத்தைச் சற்றுப் பிந்த வைக்கலாம். அவ்வாறு வைத்ததை மீட்காமற் பெற்றோல் ஊற்றினால் வண்டி சோம்பியே ஓடும். அதற்கு வேண்டியது புதிய பாகமன்று. டிஸ்ரிபியூட்டரைச் சிறிது திருப்புதலே. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலோடு கலப்பதும் உண்டு. ஒயிலின் மட்டம் தானாக உயர்ந்து மண்ணெண்ணெய் மணம் வீசினால், அந்த ஒயிலை உடனே மாற்றுக.

மாணவர்க்கு இதில் ஒரு விதி உண்டு: ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றிக் குறை தீர்ந்தால் வண்டி ஓடும். ஆனால் எதனால் ஓடிற்று என்பது விளங்காது. அடுத்த முறை அது நடுவழியில் நிற்கும்போது, அந்த அறியாமையும் நம்மோடு நிற்கும்.