பாட்டியின் பெஞ்சு

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதி. 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அங்கே 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்துப் பெஞ்சுகளில் உட்கார வைத்தார். மனச்சோர்வோடு அவர்களைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாட்டி காது கொடுத்துக் கேட்பார். எந்தச் சிக்கலை முதலில் தீர்க்கலாம் என்று அந்தப் பெண்ணையே சொல்லச் சொல்வார். அதோடு விட்டுவிடுவதில்லை. இதே வழியில் வந்த மற்றப் பெண்களின் குழுவில் சேர்த்துவிடுவார். அங்கே மனம்விட்டுப் பேசியபடியே பைகள் பின்னுகிறார்கள். கையில் கொஞ்சம் காசும் சேர்கிறது. மருந்துச் சீட்டு தர முடியாத துணை அது. ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.