கண் காட்டத் துணை வருவார் யார்?

நம் பங்குகளில் நீரிழிவு நோயாளர் பலரைக் காண்கிறோம். மாத்திரையை ஒழுங்காக உண்பவர்கள்கூடக் கண் காட்டும் தவணையைத் தவற விடுகின்றனர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீட்டுவாசலுக்கே வருகிறது. கண் பரிசோதனைக்கோ நாம்தான் போகவேண்டும். “பார்வை நன்றாகத்தானே இருக்கிறது?” என்பர். இந்நோயின் வஞ்சகமே அதுதான். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலியின்றிப் பழுதாகிக் கசியும். பார்வை மங்கும்போது நோய் முற்றியிருக்கும். லேசர் சிகிச்சை எஞ்சிய பார்வையைக் காக்க உதவும். இழந்ததைப் பெரும்பாலும் மீட்டுத் தராது. ஆகவே குறை தோன்றாவிடினும் ஆண்டுக்கொருமுறையேனும் பரிசோதனை தேவை.

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் சின்ன வெங்காயமும், அரியலூர்ப் பக்கம் முந்திரியும் பறிக்கும் நாளில் கூலியை விட யாருக்கு மனம் வரும்? சொட்டு மருந்திட்டபின் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். முதியோர் தனியே பேருந்தேறித் திரும்புதல் அரிது. ஆக, இருவர் கூலி போகிறது. திருச்சிக்கு அனுப்பிவிட்டாலோ கேட்கவே வேண்டாம்!

வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளரைச் சந்திக்கையில், செபத்தோடு தவணைச் சீட்டையும் கேட்டுப் பார்க்கலாம். வேலை குறைந்த நாளுக்குத் தவணையை மாற்றித் தரும்படி மருத்துவமனையில் கேட்கலாம். கண்களின் பாதுகாவலி புனித லூசியாவின் திருநாள் டிசம்பர் 13. அதற்கு முந்திய ஞாயிறன்று பங்குத்தந்தை ஒரு வார்த்தை அறிவித்தால் ஆண்டுக் கணக்கு மறவாது. நேர்ச்சையே போதும் என்பாரும் உளர். அவர்களோடு வாதாடாமல் கைபிடித்து அழைத்துச் செல்வோம். நால்வர் சேர்ந்து போனால் துணைக்கு ஒருவர் போதும்.