மேப் பார்க்காமல் மதுரையைத் தனியாக நடந்து சுற்ற முடியுமா? வீதிப் பெயரிலேயே இருக்கு வழி!

சூலக்கரையில் பஸ் ஏறி விருதுநகர் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் மதுரை. ஜங்ஷனை விட்டு வெளியே வந்ததும், தனியாக வந்தவருக்கு எழும் முதல் கேள்வி, 'இப்ப எந்தப் பக்கம் போறது?' என்பதுதான். செல்போனில் மேப் இருக்கே என்று நினைக்கலாம். ஆனால், மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018-ம் ஆண்டு முதல் செல்போனுக்குத் தடை. வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அப்புறம் வழி தெரிவது எப்படி?

வீதிகளின் வரிசை என்ன?

கோயிலைச் சுற்றி சதுரம் சதுரமாக வீதிகள் அமைந்திருக்கின்றன. உள்ளிருந்து வெளியே வரிசை இதுதான்:

* ஆடி வீதி (கோயில் மதிலுக்குள்)
* சித்திரை வீதி
* ஆவணி மூல வீதி
* மாசி வீதி
* வெளி வீதி

மாசி வீதியில் நிற்கிறீர்களா? கோயில் பக்கம் நடந்தால் அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து சித்திரை வீதி. வெளி வீதி வந்துவிட்டால் பழைய நகரத்தின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு காலத்தில் இங்கே கோட்டையும் அகழியும் இருந்தன. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிக்கப்பட்டு, அகழி மூடப்பட்டு, வீதியானது.

கீழ, மேல என்றால்?

மேடு, பள்ளம் இல்லை. கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு. ஆக, 'மேல மாசி வீதி' என்ற ஒரு போர்டைப் பார்த்தாலே போதும். நீங்கள் கோயிலுக்கு மேற்கே இருக்கிறீர்கள்.

கோயிலுக்குள் திசை தெரிவது எப்படி?

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். செருப்பையும் செல்போனையும் எந்த வாசலில் கொடுத்தீர்களோ, அங்கேதான் போய் வாங்க வேண்டும். வாசல் மாறி வெளியே வந்தால் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடக்க வேண்டியதுதான்.

இதற்கு எளிய வழி உண்டு. அம்மன், சுவாமி இருவருமே கிழக்கு பார்த்த சன்னதி. சன்னதிக்கு நேர் எதிரே நின்று கும்பிடும்போது உங்கள் முகம் மேற்கே இருக்கும். வலது கை வடக்கு, இடது கை தெற்கு, முதுகுப் பக்கம் கிழக்கு. அவ்வளவுதான்.

எந்த ரூட்டில் நடக்கலாம்?

* ஜங்ஷன் எதிரே டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே நடந்தால் கோயில் பக்கம் போய்விடலாம். தூரம் சுமார் 1 கி.மீ.
* மேல மாசி வீதி: 1921 செப்டம்பர் 22-ல் காந்தி அரையாடைக்கு மாறியது இங்குள்ள ஒரு வீட்டில்தான்.
* சித்திரை வீதிகள்: வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நிம்மதியாக நடக்கலாம்.
* கீழ மாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேரும் இடத்தில் விளக்குத்தூண். ஜிகர்தண்டா குடிக்க நல்ல இடம். அங்கிருந்து திருமலை நாயக்கர் மகாலும் நடக்கிற தூரம்தான்.

கவனிக்க வேண்டியவை

கோயில் நடை வழக்கமாக பகல் 12.30 மணிக்குச் சாத்தப்பட்டு, மாலை 4 மணிக்குத் திறக்கும். செல்போனைக் கொடுக்கும் முன் வீட்டு நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181.

அப்படியும் வழி தவறினால்? 'சித்திரை வீதி எந்தப் பக்கம்ணே?' என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வழி உங்களுக்கே தெரியும்.