வெட்கம் உயிரினும் பெரிதன்று



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் ஒருவர், இஷா தொழுகைக்குப் பின் தயங்கியவாறு என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், கைக்குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை, அதற்குள் மனைவி மறுபடியும் உண்டாகிவிட்டாள். வெளியில் தெரிந்தால் வெட்கமென்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாட்களாக உதிரம் நிற்கவில்லை. இது பாவமாகுமா?" என்றார்.

"பாவத்தைப் பிறகு பேசுவோம், இப்பொழுதே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். அல்லாஹ்வின் கிருபையால் அச்சகோதரி பிழைத்தார்.

அவர் கேட்ட கேள்வி நம்மில் பலருடையது. கரு உண்டாகி 120 நாட்களில் ரூஹு ஊதப்படுகிறது என்பது நபிமொழி. அதன்பின், தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றிக் கருவைக் கலைப்பது ஹராம். அதற்கு முன் கலைப்பது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தாய்க்குப் பால் வற்றிக் கைக்குழந்தையின் உயிருக்கு அஞ்சும் நிலையைத் தக்க காரணமாகவே ஹனஃபி நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளை அழிப்பதைத் திருக்குர்ஆன் (17:31) தடுக்கிறது. ஆதலால் இதில் அவசரம் கூடாது. ஆலிமையும் மருத்துவரையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

நாட்டுச் சட்டம் சொல்வதென்ன? 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. தாயின் உயிருக்கு ஆபத்து, உடல் அல்லது மன நலனுக்குப் பெருங்கேடு போன்ற காரணங்கள் இருப்பின், 20 வாரம் வரை தகுதிபெற்ற ஒரு மருத்துவரின் கருத்தே போதும். குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரு மருத்துவர்கள் கூடி முடிவு செய்யலாம். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதுமானது. கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. அவள் பெயரைத் தகாதவரிடம் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. எனவே, வெட்கத்திற்கு அஞ்சி மறைவிடம் தேட வேண்டியதில்லை.

மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகின்றனர். அக்கணக்கின்படி 120 நாட்கள் என்பது ஏறக்குறைய 19 வாரம். தாமதித்தால் மார்க்கத்தின் வாசலும் சட்டத்தின் வாசலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குறுகிவிடும்.

மருத்துவர் சீட்டின்றி அம்மாத்திரையை விற்பதே குற்றம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. உள்ளே குழாய் வெடித்து உயிரே போகலாம். பரிசோதனையின்றி இதை அறிய இயலாது.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. ஒருநாள் கூலி போகுமென்று தயங்காதீர்கள். போன கூலியை மறுநாள் ஈட்டலாம். பிள்ளைகளுக்குத் தாயை எங்கே ஈட்டுவது?

நம் பெண்மக்களின் உயிரையும் மானத்தையும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.