கொல்லைத் தோட்டமும் வீட்டு நாயும்

மழை குறைந்த நமது குன்றாண்டார்கோவில் பகுதியிலும், அரிசியும் காய்கறியும் கழுவிய நீரைக் கொண்டே கொல்லையில் ஒரு சிறு தோட்டம் வளர்க்கலாம். மாசியில் விதைத்தால் முளைக்கீரை 25 நாட்களில் பறிப்புக்கு வரும். வெண்டை சுமார் 45 நாட்களில் காய்க்கும். ஆனால், நீர் பாய்ச்சிய பாத்தியை நாய் பறித்துப் படுத்துவிடுகிறதே, என்ன செய்வது?

கல்லெறிவது தீர்வாகாது. நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே அது வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகவேதான் சித்திரை வெயிலில் ஈரமண்ணைத் தேடுகிறது. வேப்பமர நிழலில் சிறு பள்ளம் தோண்டி, மணல் நிரப்பி, காலையும் நண்பகலும் நீர் தெளியுங்கள். அருகில் ஒரு சட்டியில் குடிநீர் வையுங்கள். பாத்தியைச் சுற்றிப் படல் கட்டுங்கள். நாய் தன் இடத்தை விரைவில் பழகிக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள்: ஆமணக்குப் புண்ணாக்கை உரமாக இடாதீர்கள். அதிலுள்ள ரிசின் என்னும் நஞ்சு, அதைத் தின்னும் நாயைக் கொன்றுவிடக்கூடும். வேப்பம் புண்ணாக்கே போதும். நாயின் கழிவில் குடற்புழு முட்டைகள் இருக்கலாம். அதை எருக்குழியில் சேர்க்காமல் தொலைவில் புதையுங்கள். கீரையை நன்கு அலசிச் சமையுங்கள்.

படைப்புகள் அனைத்தையும் உடன்பிறப்பாகக் கண்டவர் அசிசியின் புனித பிரான்சிஸ். நம் கொல்லையிலும் செடிக்கு ஓர் இடம், நாய்க்கு ஓர் இடம் தருவோம்!