தீப்பெட்டியின் மேல் ஒரு படம்

பெட்டிக் கடையின் முன் நின்று தீப்பெட்டி ஒன்று கேட்கிறவர், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ஜிரத்தோடு குழைத்து ஏற்றப்பட்டிருப்பதையோ, பெட்டியின் பக்கவாட்டிலுள்ள கருஞ்சிவப்புப் பூச்சில் சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பதையோ நினைத்துக்கொண்டு கேட்பதில்லை. தம் மனத்தில் பதிந்திருக்கும் ஒரு படத்தைத்தான் கேட்கிறார். சிறு வியாபாரி ஒருவருடைய 'மார்க்கு' என்பது என்ன என்று அறிய விரும்புகிறவர்கள், அந்த வியாபாரியின் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஆராய்வதைக் காட்டிலும், கடைக்கு வெளியே நிற்கும் இந்த மனிதருடைய கண்ணைக் கொண்டு பார்ப்பதே முறை என்பது என் அபிப்பிராயம்.

1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கியபோது, ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்த பெட்டிகள் நம் நாட்டுக் கடைகளில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன. ஸ்வீடன் நாட்டு மூலதனத்தோடு 'விம்கோ' கம்பெனியும் அதே 1923-இல் தோன்றியது. இத்தகைய பெரியவர்களுக்கு நடுவே, குச்சியைக் கையால் சட்டத்தில் அடுக்கி மருந்தில் தோய்த்து உலர்த்திய சிறு உற்பத்தியாளர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதியாயிருந்த ஜனங்களிடம் தம்மை அறிமுகம் செய்துகொள்ளச் சித்திரமே துணையாயிற்று. அந்தச் சித்திரங்களை அச்சிட்டுத் தர வேண்டிய தேவையும் சேர்ந்துதான் சிவகாசியில் அச்சுத் தொழிலை வேரூன்றச் செய்தது.

பழைய லேபிள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு விரற்கடை அகலங்கூட இல்லாத அந்தத் தாளில், பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ பரவிய பின்னணியில், ஒரே ஒரு கிளியோ மானோ சேவலோ இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். எழுத்தெல்லாம் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். மங்கிய விளக்கொளியில், கடையின் உள் அலமாரியில் இருக்கும் பெட்டியை வெளியே நிற்பவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, காசோடு கடைக்கு அனுப்பப்பட்ட ஆறு வயதுப் பிள்ளை, "கிளி மார்க்குத் தீப்பெட்டி கொடுங்க" என்று வழியில் மறந்துபோகாமல் வந்து சொல்ல வேண்டும். பிள்ளையின் வாயில் வராத பெயரை எவ்வளவு அழகாக அச்சிட்டும் பிரயோஜனமில்லை.

இந்த மறதியைச் சட்டமும் மதித்திருக்கிறது. 'அமிர்ததாரா' என்ற மருந்தின் உரிமையாளர் 'லட்சுமண்தாரா' என்ற பெயரை ஆட்சேபித்த வழக்கில், 1962-இல் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெண்ணிப் பார்க்கும் பண்டிதரை அளவுகோலாகக் கொள்ளாமல், சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உடைய, அவ்வளவு ஜாக்கிரதையில்லாத மனிதரையே அளவுகோலாகக் கொண்டது. வாங்குகிறவர் ஒருபோதும் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவதில்லை. எதிரே இருக்கும் ஒரு பெட்டியைத் தம் மனத்திலுள்ள மங்கலான நினைவோடுதான் ஒப்பிடுகிறார். போலி செய்கிறவர்கள் கிளிக்குப் பதிலாக அதே நிறத்தில் மைனாவைப் போடுவதன் சூட்சுமம் அதுவே.

விலையும் வாங்குகிறவருக்கு வழி காட்டுவதில்லை. 2021 டிசம்பரில் உற்பத்தியாளர் சங்கங்கள் கூடிப் பெட்டியின் விலையை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக்கியபோதும் எல்லா மார்க்குக்கும் சேர்த்தே உயர்த்தின. ஆகவே ஒரு மார்க்கை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அடுப்பங்கரைதான்: குச்சி ஒடிகிறதா, தலை தெறித்து விழுகிறதா, குச்சி தீர்வதற்கு முன்பே உரசும் பூச்சு தேய்ந்துவிடுகிறதா என்று ஒவ்வொரு நாளும் நடக்கும் பரீட்சைகளெல்லாம் அந்தப் படத்தின் கணக்கில் வரவாகவோ செலவாகவோ எழுதப்படுகின்றன.

எங்கள் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தமக்குப் பிடித்த மார்க்கின் காலிப் பெட்டி ஒன்றை விளக்கு மாடத்தில் எப்போதும் வைத்திருந்து, கடைக்குப் போகும் பிள்ளையின் கையில் கொடுத்து, "இதே படம் போட்டதா பாத்து வாங்கிட்டு வாடா" என்பார். ஓர் ஐப்பசி மாதம், விடாது பெய்த மழையில், அதே படமுடைய புதுப் பெட்டியில் குச்சிக்குக் குச்சி மருந்து பொடிந்து உதிர்ந்தது; பெட்டி முழுவதும் உரசியும் அடுப்புப் பற்றாமல், அடுத்த வீட்டிலிருந்து கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கி வந்தார்கள். பாட்டி யாரையும் குறை சொன்னதாக நினைவில்லை. அடுத்த வாரம் மாடத்தில் இருந்த காலிப் பெட்டியில் வேறொரு பறவை இருந்தது.